கேட்ட பிறகுதான் கசாயம்

சொந்தத்தில் யாருக்காவது தடுமம் பிடித்தால் எனக்குப் போன் வரும். சென்னையிலிருந்து, கோயம்புத்தூரிலிருந்து, சில சமயம் துபாயிலிருந்து நடுராத்திரியில். “சித்தி, ஆச்சி போடுற கசாயத்துல மிளகு எத்தனை?” என்பார்கள். பத்து என்று சொல்ல ஒரு நொடிகூட ஆகாது. ஆனால் அதை மட்டும் சொல்லிவிட்டுப் போனை வைக்க எனக்கு மனசு வராது. இருமல் வறட்டு இருமலா, சளியோடு வருகிறதா, ராத்திரியில் கூடுகிறதா விடியக்காலையிலா, காய்ச்சல் உண்டா, யாருக்கு, வயசென்ன, வேறு மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறாரா என்று கேட்க ஆரம்பித்துவிடுவேன். மறுமுனையில் இருப்பவர்களுக்குப் பொறுமை போய்விடும். ஆச்சியிடம் நான் முதலில் கற்றதே அந்தக் கேள்விகளைத்தான். அவற்றைக் கேட்காமல் கசாயம் சொல்ல எனக்குத் தெரியாது.

எங்கள் ஊர் அம்பாசமுத்திரத்துக்கும் பாபநாசத்துக்கும் நடுவில் இருக்கிறது. மேற்கே நிமிர்ந்து பார்த்தால் பொதிகை மலை. அகத்தியர் மலை என்பதால் மூலிகை விஷயத்தில் எங்கள் பக்கத்து ஆட்களுக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. காரையாறு, முண்டந்துறைப் பக்கம் போய்வந்தவர்கள் காணாத செடியைக் கண்டதாகக் கதை சொல்வார்கள். ஆச்சி அந்தப் பேச்சில் சேரமாட்டாள். அவளுக்கு வேண்டியதில் முக்கால்வாசி வீட்டைச் சுற்றியே கிடைத்தது. முன்வேலியில் தூதுவளையும் வேலிப்பருத்தியும் பின்னிக் கிடக்கும். கொல்லையோரம் பிரண்டை. கிணற்றடி ஈரத்தில் கற்பூரவல்லி, பக்கத்தில் துளசி. வாய்க்கால் கரைக்குப் போனால் நொச்சியும் ஆடாதோடையும். மீதிக்கு அம்பாசமுத்திரம் பஜாரில் ஒரு நாட்டு மருந்துக் கடை இருந்தது.

ஆச்சி பள்ளிக்கூடம் போனவள் இல்லை. வைத்தியர் பரம்பரையும் கிடையாது. அம்மாவும் மாமியாரும் செய்ததைப் பார்த்துப் பழகியவள். ஆனாலும் தெருவில் யாருக்கு உடம்புக்கு முடியாமல் போனாலும் முதலில் எங்கள் வீட்டுத் திண்ணைக்குத்தான் வருவார்கள். வந்த உடனே மருந்து கிடைத்துவிடாது. நாக்கை நீட்டச் சொல்வாள். கண் இமையைக் கீழே இழுத்துப் பார்ப்பாள். புறங்கையால் கழுத்தைத் தொடுவாள். “நேத்து ராத்திரி என்ன தின்ன? வெளிக்குப் போச்சா? தாகம் இருக்கா?” கல்யாணமான பெண் இருமிக்கொண்டு வந்தால் கேள்வி ஒன்று கூடும்: “தலைக்கு ஊத்தி எத்தன நாளாச்சு?” நாள் தள்ளிப்போயிருக்கிறது என்று தெரிந்தால் ஆடாதோடைப் பக்கமே போகமாட்டாள். பாலில் துளி மஞ்சளும் மிளகும் பனங்கற்கண்டும் போட்டுக் கொடுத்து அனுப்பிவிடுவாள். ஏன் என்று நான் கேட்டதற்கு, “அது கர்ப்பத்தக் கலக்கும்ட்டி, ஆளப் பாக்காம இலையப் பறிக்கக்கூடாது” என்றாள்.

நான் பிற்பாடு தாவரவியல் படித்துப் பாளையங்கோட்டையில் ஆசிரியை ஆனேன். ஆடாதோடையில் வாசிசின் என்று ஒரு பொருள் இருக்கிறது, மூச்சுக்குழாயை விரிக்கும், கருப்பையைச் சுருங்கவும் வைக்கும் என்று படித்த அன்றைக்கு எனக்கு ஆச்சியின் அந்தக் கேள்விதான் நினைவுக்கு வந்தது. சளியை இளக்க டாக்டர்கள் எழுதிக் கொடுக்கும் சிரப்புகள் பலவற்றில் புரோம்ஹெக்சின் இருக்கும். அது வாசிசினை முன்மாதிரியாக வைத்துச் செயற்கையாகச் செய்யப்பட்டதுதான். எங்கள் வாய்க்கால் கரைச் செடிக்கும் மருந்துக் கடை பாட்டிலுக்கும் இவ்வளவு நெருங்கிய உறவு இருக்கிறது என்று வகுப்பில் சொல்லும்போதெல்லாம் பிள்ளைகள் முகத்தில் ஒரு வியப்பு வரும். அந்த வியப்பு எனக்கு இன்னும் பிடிக்கும்.

ஆச்சியின் தடுமக் கசாயம் சுக்கில் தொடங்கும். ஒடித்தால் நார் நாராக இழுக்காமல் உள்ளே மாவாக இருக்க வேண்டும். பூச்சி அரித்துத் துளை விழுந்ததைத் தூரப் போட்டுவிடுவாள். சின்னக் கத்தியால் மேல்தோலைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் அம்மியில் வைப்பாள். சுக்குக்குத் தோலில் நஞ்சு, கடுக்காய்க்குக் கொட்டையில் நஞ்சு என்பது எங்கள் வீட்டில் பிள்ளைகளுக்கும் தெரிந்த பாடம். அடுத்து மிளகு. இரும்புச் சட்டியில் எண்ணெய் விடாமல் வெதுப்புவாள். முதல் மிளகு வெடிக்கும் சத்தம் கேட்டதும் சட்டி கீழே இறங்கிவிடும். திப்பிலி சீக்கிரம் கருகிவிடும் என்பதால் அதை அடுப்பில் காட்டமாட்டாள். இறக்கிய சட்டியின் சூட்டிலேயே ரெண்டு அரிசித் திப்பிலியைப் போட்டுப் புரட்டி எடுப்பாள். ஒரு கரண்டி கொத்தமல்லி விதை. எல்லாவற்றையும் ஒண்ணும் ரெண்டுமாகத் தட்ட வேண்டும். பொடியாக இடித்துவிட்டால் கசாயம் குழம்பி, குடிக்கும்போது வண்டல் தொண்டையில் அறுக்கும். முழுசாகப் போட்டால் சத்து இறங்காது. அந்த ஒண்ணும் ரெண்டும் எப்படி இருக்கும் என்பதைப் போனில் சொல்லிப் புரியவைக்க முடிவதில்லை. கையில் எடுத்துத் தேய்த்தால் நறநறவென்று இருக்கணும், தூசி பறக்கக்கூடாது என்று மட்டும் சொல்வேன்.

மண்சட்டியில் நாலு தம்ளர் தண்ணீர். கொதி வந்ததும் விறகைப் பின்னுக்கு இழுத்துவிட்டுத் தணலில் விட்டுவிடுவாள். சுக்கும் மிளகும் வேகும்வரை சட்டிக்கு மூடி கிடையாது. நாலு தம்ளர் ஒரு தம்ளராக வற்ற வேண்டும். ஆடாதோடை போடுவதாக இருந்தால் முற்றின இலை ரெண்டு, நடுநரம்பைக் கிழித்துவிட்டு ஆரம்பத்திலேயே போட்டுவிடுவாள். துளசிக்கும் கற்பூரவல்லிக்கும் முறை வேறு. அவை சட்டியை இறக்குவதற்குக் கொஞ்சம் முன்னால்தான் உள்ளே போகும். அப்போது மூடியும் வந்துவிடும். “வாசம் எல்லாம் அடுப்பங்கரைக்குப் போயிட்டுன்னா நெஞ்சுக்கு என்ன போவும்?” என்பாள். வாசமுள்ள இலைகளில் இருக்கும் எண்ணெய் ஆவியாகப் பறந்துபோகக் கூடியது. வேரையும் விதையையும் கொதிக்க வைக்கிற மாதிரி அவற்றைக் கொதிக்க வைத்தால் மிஞ்சுவது வெறும் பச்சைத் தண்ணீர்தான். இப்போது சுற்றிவரும் குறிப்புகளில் எல்லா இலையும் எல்லா வேரும் ஒரே நேரத்தில் ஒரே பாத்திரத்தில் விழுகின்றன. பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது.

உடன்குடிக் கருப்பட்டியைத் தட்டிப் போட்டுக் கரைத்தபின் வடிகட்டுவாள். அதில் சிராயும் மண்ணும் கிடக்கும். பெரியவர்களுக்கு அரைத் தம்ளர், காலையும் சாயங்காலமும். பத்து வயசுப் பிள்ளைக்கு அதில் பாதி. கைக்குழந்தைக்குக் கிடையவே கிடையாது. தெருக்கோடியில் சர்க்கரை வியாதிக்காரத் தாத்தா ஒருவர் இருந்தார். அவருக்குக் கருப்பட்டி போடாமல்தான் போகும். கருப்பட்டி, வெல்லம் எல்லாம் சர்க்கரையை ஏற்றாது என்று நம்பிக் காப்பியில் போட்டுக் குடிக்கிறவர்களை இன்றும் பார்க்கிறேன். ஏற்றும். அதைச் சொல்லிச் சிலரிடம் மனஸ்தாபமே வந்திருக்கிறது. இருந்தாலும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன்.

கசாயம் மூன்று நாள். அதற்குள் மட்டுப்பட வேண்டும். மட்டுப்படவில்லை என்றால் நாலாம் நாள் சட்டி அடுப்பில் ஏறாது. “இது நம்ம கையில நிக்கிற காரியம் இல்ல, ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வாங்க” என்று சொல்லிவிடுவாள். விருந்தும் மருந்தும் மூணு நாள் என்ற பழமொழியை எங்கள் வீட்டில் விருந்தாளிகளைப் பார்த்து யாரும் சொன்னதில்லை. கசாயத்துக்குத்தான் சொல்வார்கள்.

மூக்கு அடைத்து, தலை கனத்து, நெற்றியில் நீர் கோத்துக்கொண்டால் வேது பிடிப்பது. ஒரு கூடை நொச்சி இலை, கொஞ்சம் மஞ்சள்பொடி, பெரிய தவலை. நொச்சியைக் கசக்கினால் வரும் காரமான வாசம் எனக்கு ஐப்பசி மழையோடு சேர்த்தேதான் நினைவிருக்கிறது. தவலையை உயரத்தில் வைக்க ஆச்சி சம்மதிக்கமாட்டாள். நடுமுற்றத்தில் தரையில் வைத்து, ஆடாமல் இருக்க மூன்று பக்கமும் செங்கல் அண்டக் கொடுத்து, அப்புறம்தான் போர்வை. சின்னப் பிள்ளைகள் போர்வைக்குள் போகக்கூடாது. அவர்களைத் தள்ளி மடியில் வைத்துக்கொண்டு, காற்றில் வருகிற ஆவி போதும் என்பாள். ஆவி பிடிக்கும்போது பாத்திரம் சரிந்து வெந்நீர் கொட்டிய குழந்தைகள் தீக்காயப் பிரிவுகளுக்கு இன்றும் வருகிறார்கள். அந்த மூன்று செங்கலை நான் மருந்தோடு சேர்த்தே எண்ணுகிறேன்.

நாட்டு மருந்துக் கடைக்கு ஆச்சியோடு போவது எனக்குத் திருவிழாவுக்குப் போவது மாதிரி. சுவர் முழுக்கத் தகர டப்பா, மரப்பெட்டி. கடைக்காரர் எந்த டப்பாவிலும் பெயர் எழுதி வைத்திருக்கவில்லை. கேட்டதும் கை தானாக அந்த இடத்துக்குப் போகும். ஆச்சி எதையும் பார்க்காமல் வாங்கமாட்டாள். சித்தரத்தையை ஒடித்து மோந்து பார்ப்பாள். கடுக்காயைக் கையில் எடுத்துக் கனம் பார்ப்பாள். நல்ல கடுக்காய் தண்ணீரில் போட்டால் முங்க வேண்டும் என்று சொல்லி, கடையிலேயே சொம்பில் தண்ணீர் வாங்கிப் போட்டுப் பார்த்ததும் உண்டு. கடைக்காரர் கோபித்துக்கொள்ளமாட்டார். “ஆச்சிக்குப் போட்டுக் காட்டிட்டாப் போதும், ஊருக்கே காட்டின மாதிரி” என்று சிரிப்பார்.

அத்தைக்குப் பிரசவம் ஆனபோது பெரிய சீட்டாக எழுதிப் போனோம். சுக்கு, மிளகு, அரிசித் திப்பிலி, கண்டந்திப்பிலி, சித்தரத்தை, ஓமம், சீரகம், சதகுப்பை, வாய்விடங்கம், வால்மிளகு, ஜாதிக்காய், ஜாதிபத்திரி. காகிதப் பொட்டலங்கள் ஒரு பை நிறைந்துவிட்டன. ரெண்டு நாள் வெயிலில் காய்ந்தபின் ஒவ்வொன்றையும் தனித்தனியாக வறுத்தாள். ஓமம் பொரியும், சதகுப்பை சீக்கிரம் சிவக்கும், சுக்குக்கு நேரம் பிடிக்கும். சேர்த்து வறுத்தால் ஒன்று கருகும், ஒன்று பச்சையாக நிற்கும். அம்மாவும் சித்தியும் மாற்றி மாற்றி உரலில் இடிக்க, நான் மெல்லிய வேட்டித் துணியில் சலித்தேன். தும்மல் நிற்கவே இல்லை.

மறுநாள் வெண்கல உருளி ஏறியது. கருப்பட்டியைக் கரைத்து வடிகட்டிப் பாகு வைத்து, பாலில் வேகவைத்து அரைத்த வெள்ளைப்பூண்டை அதில் விட்டுக் கிண்டினாள். பூண்டின் பச்சை வாசம் போனபிறகு சலித்த பொடியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவினாள். பொடியை மொத்தமாகக் கொட்டினால் கட்டி தட்டிப்போகும், அப்புறம் எந்தச் சாமி வந்தாலும் உடைக்க முடியாது. நல்லெண்ணெய் இடையிடையே, நெய் கடைசியில். நேரம் போகப் போகக் கரண்டி கனக்கும். உருளியின் அடி தெரிகிற மாதிரி லேகியம் சுருண்டு வரும். கொஞ்ச நேரம் முன்னால் குடித்த எண்ணெயை இப்போது விளிம்பில் கக்கும். அப்போது ஒரு துளியை எடுத்து விரல்களுக்கு நடுவில் உருட்டிப் பார்ப்பாள். ஒட்டாமல் உருண்டால் விறகை இழுத்துவிட வேண்டும். தேனை அன்றைக்குச் சேர்க்கவில்லை. நன்றாக ஆறியபின் மறுநாள் காலையில்தான் கலந்தாள். தேனைச் சூட்டில் சேர்க்கக்கூடாது என்பது அவளுடைய கண்டிப்பு. அத்தைக்குத் தினமும் சுண்டைக்காய் அளவு. ருசியாக இருக்கிறதே என்று அத்தை கூடக் கேட்டாலும் கிடைக்காது. எங்களுக்குக் கரண்டியை வழித்து நக்குகிற பங்கு மட்டும்தான்.

வயிற்று விஷயத்தில் ஆச்சியின் கைப்பெட்டி சின்னது. செரிக்கவில்லை என்றால் ஓமத்தை வெதுப்பிக் கொதிக்கவைத்த தண்ணீர். ஊதிக்கொண்டால் சீரகத் தண்ணீர், அல்லது வேலியில் ஒடித்த பிரண்டைத் துவையல். பிரண்டையை உரிப்பதற்கு முன் கையில் நல்லெண்ணெய் தடவிக்கொள்ளவும், நன்றாக வதக்கிப் புளி சேர்க்கவும் சொல்லிக் கொடுத்தாள். இல்லாவிட்டால் கையும் தொண்டையும் ஊறல் எடுத்துவிடும். வயிற்றோட்டம் என்றால் மோரில் வெந்தயம், உப்புப் போட்ட கஞ்சித் தண்ணீர். ஓடும் வயிற்றுக்குச் சோறு கொடுக்கக்கூடாது, தண்ணீர் காட்டக்கூடாது என்று ஊரில் நிறையப் பேர் சொல்வார்கள். ஆச்சி அந்தப் பேச்சைக் காதில் வாங்கமாட்டாள். “போறது தண்ணி. தண்ணிய நிறுத்தினா மீதி என்ன இருக்கும்?” என்பாள்.

தம்பிக்கு ரெண்டு வயசில் ஒரு கோடையில் வாந்தியும் பேதியும் சேர்ந்து வந்தது. காலையிலிருந்து கஞ்சித் தண்ணீரைச் சங்கில் ஊற்றிக்கொண்டே இருந்தாள் ஆச்சி. ஊற்றியதெல்லாம் வெளியே வந்தது. சாயங்காலம் விளக்கேற்றும் நேரத்தில் அவன் அழுதான். அழுத முகத்தைத் திருப்பி விளக்கு வெளிச்சத்தில் பார்த்தாள். கண்ணீர் வரவில்லை. கண் உள்ளே போயிருந்தது. வயிற்றுத் தோலை ரெண்டு விரலால் கிள்ளித் தூக்கி விட்டாள். தூக்கின மடிப்பு அப்படியே நின்றது, மெதுவாகத்தான் அமர்ந்தது. அரைமணிக்கு முன்னால்வரை மருந்து உரைத்துக்கொண்டிருந்தவள், கல்லை ஓரமாகத் தள்ளிவிட்டு எழுந்தாள். “ஏல, வண்டியப் பூட்டச் சொல்லு. இனிமே ஒரு சங்குகூட என் கையால குடுக்கமாட்டேன்” என்றாள் அப்பாவைப் பார்த்து. பக்கத்து வீட்டுப் பெரியம்மா, மாந்தம்தான், மந்திரிச்சுப் பார்ப்போம் என்றார்கள். ஆச்சி பதில்கூடச் சொல்லவில்லை. குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு அவளே வண்டியில் ஏறிவிட்டாள். அம்பாசமுத்திரம் ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். தம்பி பிழைத்தான். இப்போது அவனுக்குப் பேரன் இருக்கிறான்.

கண்ணீர் வறண்டுபோவது, கண் குழிவது, கிள்ளின தோல் திரும்பாமல் நிற்பது: நீரிழப்பைக் கண்டுபிடிக்க மருத்துவப் பாடத்தில் சொல்லிக்கொடுக்கும் அடையாளங்களும் இவையேதான். 1971இல் வங்கதேசப் போரில் அகதிகளாக வந்தவர்களிடையே காலரா பரவியபோது, எல்லைப்புறத்து பன்காவ் ஊரில் டாக்டர் திலீப் மகலனாபிஸ் ஊசி வழியாக ஏற்றும் திரவம் தீர்ந்துபோய், உப்பும் குளுக்கோஸும் கரைத்த தண்ணீரை டிரம்மில் நிரப்பிக் குடிக்கக் கொடுத்தார். சாவு மளமளவென்று குறைந்தது. ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீருக்குத் தலைதட்டி ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு என்று இன்று எந்த அம்மாவும் வீட்டில் கலக்கலாம். என்னைக் கேட்டால், வீட்டில் செய்யும் மருந்துகளில் இதைவிட அதிக உயிரைக் காப்பாற்றியது வேறில்லை. அளவு மட்டும் மாறக்கூடாது. உப்பு கூடினால் குழந்தைக்கு ஆபத்து.

உரைமருந்தைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. எங்கள் பக்கம் பிள்ளை பிறந்த வீட்டில் உரைகல் கட்டாயம் இருக்கும். கடுக்காய், மாசிக்காய், ஜாதிக்காய், சுக்கு, வசம்பு எல்லாவற்றையும் வேகவைத்துக் காயவைத்து, குழந்தையைக் குளிப்பாட்டின நாளில் ஒவ்வொன்றையும் கல்லில் ரெண்டு சுற்று உரசி, தாய்ப்பாலில் குழைத்து நாக்கில் தடவுவார்கள். வசம்பைத் தனியாக விளக்கெண்ணெய் விளக்கில் சுட்டுக் கரியாக்கி, வயிற்றைச் சுற்றிப் பூசுவதும் உண்டு. நாங்கள் எல்லாம் அதைச் சாப்பிட்டு வளர்ந்தவர்கள்தான். ஆனால் வசம்பில் பீட்டா அசரோன் என்று ஒரு பொருள் இருக்கிறது. விலங்குகளில் அது கட்டிகளை உண்டாக்கியது என்று தெரிந்து அமெரிக்காவில் 1968இலேயே வசம்பை உணவில் சேர்க்கத் தடை போட்டுவிட்டார்கள். நம் ஊர்க் குழந்தை மருத்துவர்களும் பச்சைக் குழந்தையின் வாயில் எதையும் உரசித் தடவாதீர்கள், ஆறு மாசம்வரை தாய்ப்பால் மட்டும் போதும் என்கிறார்கள். ஒரு வயசுக்குள் தேன் தொட்டு வைப்பதும் கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒரு நுண்ணுயிரியால் பச்சைக் குழந்தைக்கு நரம்பு தளர்ந்துபோகும் நோய் வரலாம். எங்கள் குடும்பத்தில் அடுத்த தலைமுறைப் பிள்ளைகள் பிறந்தபோது உரைகல்லை நான் வெளியே எடுக்கவில்லை. பெரியவர்கள் சிலர் முகம் சுளித்தார்கள். கர்ப்பிணிக்கு ஆடாதோடை கொடுக்காத ஆச்சி, இது தெரிந்திருந்தால் தானே கல்லைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருப்பாள் என்பது என் உறுதி.

மஞ்சள் காமாலைக்கு எங்கள் ஊரிலும் கீழாநெல்லிதான். வயல் வரப்பில் முளைத்துக் கிடக்கும். இலைக்குக் கீழே வரிசையாகக் காய் தொங்கும். வேரோடு பிடுங்கி அரைத்து மோரில் கொடுப்பார்கள், உப்பில்லாப் பத்தியத்தோடு. இந்தச் செடியைச் சென்னைப் பல்கலைக்கழகத்து எஸ்.பி. தியாகராஜனும், ஹெபடைட்டிஸ் பி கிருமியைக் கண்டுபிடித்து 1976இல் நோபல் பரிசு பெற்ற பாரூக் பிளம்பெர்க்கும் சேர்ந்து ஆராய்ந்து, 1988இல் லான்செட் இதழில் நம்பிக்கை தரும் முடிவை வெளியிட்டார்கள். அந்த வருஷம் நான் அதை வகுப்பில் சொல்லிச் சொல்லிப் பெருமைப்பட்டேன். பின்னால் வேறு இடங்களில் நடந்த சோதனைகளில் அந்தப் பலன் அப்படிக் கிடைக்கவில்லை. அதையும் வகுப்பில் சொன்னேன். காமாலையில் பல வகை உண்டு. தண்ணீரால் பரவும் வகை பெரும்பாலும் ஓய்விலும் நல்ல சாப்பாட்டிலும் தானாகவே இறங்கிவிடும். பித்தக் குழாயில் கல் அடைத்து வருவதற்கு எந்தக் கீரையும் உதவாது. கண் மஞ்சளாக இருப்பது ரெண்டிலும் ஒன்றுதான். ஆச்சி மோரை நீட்டும்போதே “ரத்தம் குடுத்துப் பாத்துட்டு வந்திரு” என்றும் சேர்த்துச் சொல்வாள். எந்தக் காமாலை என்று தன் கண்ணுக்குத் தெரியாது என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது.

2012இல் எங்கள் மாவட்டத்தை டெங்கு பிடித்து ஆட்டியபோது ஆச்சி இல்லை. கடையநல்லூர்ப் பக்கத்திலிருந்து தினமும் கெட்ட செய்தி வந்துகொண்டிருந்தது. அரசே நிலவேம்புக் குடிநீர் கொடுத்தது. தெருமுனைகளில் அண்டா வைத்துக் காய்ச்சினார்கள். நிலவேம்பு, வெட்டிவேர், விலாமிச்சை வேர், பற்பாடகம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, சந்தனம், சுக்கு, மிளகு என்று ஒன்பது சரக்கு. அந்தக் கசப்பை முகம் சுளிக்காமல் குடித்த பிள்ளைகளை நான் பார்த்தேன். நானும் எங்கள் தெருவில் காய்ச்சி ஊற்றினேன். ஊற்றும்போது ஒவ்வொருவரிடமும் ஒன்று சொன்னேன்: டெங்குவில் காய்ச்சல் விட்ட பிறகுதான் பயப்பட வேண்டும். காய்ச்சல் இறங்கியதும் வயிறு வலித்தால், வாந்தி நிற்காவிட்டால், ஈறில் ரத்தம் கசிந்தால் தம்ளரைத் தூக்கிப் போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். உடம்புவலிக்கு என்று ஆஸ்பிரின், புரூபென் வகை மாத்திரையை வாங்கிப் போடக்கூடாது. குடிநீர் வாங்க வந்த கூட்டம் இதைக் கேட்டுக்கொண்டு நின்றது. அந்தக் கூட்டம் கிடைத்ததே எனக்குப் பெரிய காரியமாகப்பட்டது.

2020இல் கபசுரக் குடிநீர் வந்தது. பதினைந்து சரக்கு. அதைத் தண்ணீருக்குப் பதிலாகவே குடித்தவர்கள் உண்டு. மூன்று வேளை, மாசக்கணக்கில். எங்கள் உறவில் ஒரு அண்ணாச்சிக்கு நெஞ்செரிச்சல் தாங்க முடியாமல் போனது. சுக்கு, திப்பிலி, இலவங்கம், அக்கிரகாரம் எல்லாம் காரச் சரக்கு. வெறும் வயிற்றில் நாள்தோறும் போனால் குடல் என்ன செய்யும்? எத்தனை நாள் என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. சரக்குகளின் பெயர் வீட்டுக்கு வீடு போய்ச் சேர்ந்துவிட்டது. மூணு நாள் என்கிற கணக்கு போய்ச் சேரவில்லை. அதே மாதிரிதான் அதிமதுரமும். தொண்டைக்கு இதம், இனிப்பு, குழந்தைகளுக்கும் பிடிக்கும். ஆனால் தொடர்ந்து சாப்பிட்டால் ரத்த அழுத்தத்தை ஏற்றும், உடம்பில் பொட்டாசியத்தைக் குறைக்கும். அம்மாவுக்கு அழுத்தம் இருந்ததால் எங்கள் வீட்டு இருமல் பொடியிலிருந்து அதை எடுத்துவிட்டேன்.

ஊரில் இப்போது வேலிகள் இல்லை. எல்லா வீட்டுக்கும் சிமெண்டுச் சுவர் வந்துவிட்டது. வேலி போனதோடு தூதுவளையும் வேலிப்பருத்தியும் பிரண்டையும் போய்விட்டன. யாரும் அவற்றை வெட்டி எறிய வேண்டும் என்று நினைக்கவில்லை. படர ஒரு முள்ளும் கம்பும் இல்லாமல் போனது, அவ்வளவுதான். வாய்க்கால் கரையிலும் கான்கிரீட் போட்டுவிட்டார்கள். நொச்சி ஒரு கல்வெட்டுப் பாலத்துக்குப் பக்கத்தில் மட்டும் நிற்கிறது. நாட்டு மருந்துக் கடையில் எல்லாம் பொடியாக, பிளாஸ்டிக் டப்பாவில் வந்துவிட்டது. முழுசாக இருந்தால் ஒடித்துப் பார்க்கலாம், மோந்து பார்க்கலாம், தண்ணீரில் முங்குகிறதா என்று போட்டுப் பார்க்கலாம். பொடியில் எதைப் பார்ப்பது? நான் இன்றும் முழுச் சரக்குதான் கேட்டு வாங்குகிறேன். இல்லை என்றால் வேறு கடைக்குப் போகிறேன்.

பாளையங்கோட்டையில் எங்கள் மொட்டை மாடியில் துளசி, கற்பூரவல்லி, ஓர் இரும்புக் கம்பிவலையில் ஏற்றிவிட்ட தூதுவளை, பழைய சிமெண்டுத் தொட்டியில் ஆடாதோடை எல்லாம் இருக்கின்றன. கற்பூரவல்லிக்குத் தண்ணீர் கூடினால் தண்டு அழுகும். தூதுவளை முள் விரலில் ஏறினால் ரெண்டு நாள் வலிக்கும், கத்தரிக்கோலால்தான் வெட்ட வேண்டும். ஆடாதோடைக்கு விதை தேட வேண்டாம். ஐப்பசி மழை விழுந்ததும் விரல் கனத்தில் ஒரு போத்தை ஒடித்து, ரெண்டு கணு மண்ணுக்குள் இருக்கும்படி ஊன்றினால் போதும், ஒரு மாசத்தில் தளிர் விடும். தெருவில் நாலைந்து பெண்கள் போத்துக் கேட்டிருக்கிறார்கள். ஒருத்திக்குக் கல்யாணமாகி மூன்று மாசம். கொடுக்கும்போது இலையில் எதைப் பறிப்பது, எத்தனை தம்ளரை எத்தனையாக வற்றவைப்பது, எத்தனை நாளில் நிறுத்துவது எல்லாம் எழுதித்தான் கொடுப்பேன். அவளுக்கு மட்டும் தாளின் முதல் வரியில், நாள் தள்ளிப்போயிருந்தால் இதைத் தொடாதே என்று எழுதிவைத்திருக்கிறேன்.